பேயும் பிதிரார்ச்சிதமும்

1901ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலண்டனிலிருந்து வெளிவந்த 'ஸ்ராண்ட்' சஞ்சிகையில் ஒரு தொடர்கதை தொடங்கிற்று. அடுத்த ஆண்டு ஏப்பிரல் வரை அது மாதந்தோறும் வளர்ந்தது. 'பாஸ்கர்வில் குடும்பத்து வேட்டைநாய்' என்பது அக்கதை. எழுதியவர் ஆர்தர் கொனன் டொயில். துப்பறியும் கதையையும் பேய்க்கதையையும் ஒன்றோடொன்று பின்னிய நாவல்களுள் உலகெங்கும் அதிகம் படிக்கப்பட்டது எதுவென்று கேட்டால் இதனையே கூறவேண்டியிருக்கும். நம்மிற் பலரும் பள்ளிப் பருவத்திலே நூலக அலுமாரியின் மூலையொன்றிலிருந்து இதனை எடுத்து, இரவில் விளக்கை அணைக்கத் துணிவின்றிப் படித்து முடித்தவர்களே.

சில காலத்துக்கு முன் பாடம் முடிந்து எஞ்சியிருந்த நேரத்தில் உயர்தர வகுப்பு மாணவருக்கு இக்கதையைக் கூறினேன். மாணவர் பேயைப் பற்றிக் கேட்பார்கள், அல்லது ஷேர்லொக் ஹோம்சின் சாமர்த்தியத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று எண்ணியிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி, "அந்தப் பெட்டைக்கு என்ன பேர், சேர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வீடு சென்று நூலைப் புரட்டிப் பார்த்தேன். அப்பெண்ணுக்கு நூலில் எங்குமே பெயரில்லை.

எந்தப் பெண் என்பதைச் சொல்லவேண்டும். நாவலின் அடிப்படை ஒரு குடும்ப ஐதிகம். பதினேழாம் நூற்றாண்டில், இங்கிலாந்தில் மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், டெவன் மாகாணத்தின் பாஸ்கர்வில் மாளிகைக்கு ஹியூகோ என்பவன் அதிபதி. அயலிலே சிறிது நிலம் வைத்து உழுதுண்ட குடியானவனொருவனின் மகள்மீது அவன் கண் விழுந்தது. தந்தையும் சகோதரரும் வீட்டில் இல்லாத நாள் பார்த்து, ஐந்தாறு தோழரோடு சென்று அவளைத் தூக்கிவந்து மாளிகையின் மேலறையிற் பூட்டிவைத்தான். கீழே குடியும் கூச்சலும் நடந்துகொண்டிருக்கையில், அவள் சுவரிற் படர்ந்திருந்த கொடியைப் பற்றி இறங்கித் தன் வீட்டை நோக்கி வெட்டவெளியூடாக ஓடினாள். ஹியூகோ தன் வேட்டைநாய்களை அவிழ்த்துவிட்டுக் குதிரையிற் பின்தொடர்ந்தான். அச்சத்தாலும் களைப்பாலும் அவள் வழியிலே விழுந்து இறந்தாள். அவளருகே ஹியூகோவும் கிடந்தான். பெரியதொரு கரிய விலங்கு அவன் குரல்வளையைக் கடித்துக்கொண்டு நின்றது. அன்று தொட்டு அந்நாய் அக்குடும்பத்தைத் தொடர்கிறது என்பது ஐதிகம்.

இதனைக் கூறும் கையெழுத்துப் பிரதி 1742ஆம் ஆண்டுக்குரியதாக நாவலிற் காட்டப்படுகிறது. அதனை எழுதிய பிற்கால ஹியூகோ ஒருவர் தம் இரு மைந்தருக்கும் அதனை விட்டுச் செல்கிறார். தங்கள் சகோதரி எலிசபெத்திடம் மட்டும் இதைப்பற்றி வாய்திறக்கலாகாது என்று அவர்களுக்குக் கட்டளையும் இடுகிறார். ஒரு பெண்ணுக்குப் பெயரில்லை. பெயருள்ள பெண்ணுக்கோ கதையை அறியும் உரிமையில்லை. கொனன் டொயில் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் நம்பவில்லை. உயர்குடியினரின் வீட்டுக் குறிப்புகள் எவ்வாறு எழுதப்படும் என்பதை அறிந்த நல்ல எழுத்தாளரின் கை தானாகவே அவ்வாறு எழுதிற்று.

ஐதிகத்தை மாளிகையின் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு சாபம். குடியானவனின் குடிசைப் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு தீர்ப்பு. நிலமானிய அமைப்பில் மாளிகை அதிபதிக்கு எதிராக வழக்காடும் வலிமை உழுதுண்போனுக்குக் கிடையாது. நீதிமன்றத்திற் கிடைக்காத நீதியை இருட்டிலிருந்து வரும் ஒரு நாயின் பல்லிற் கண்டது மக்கள் கற்பனை. டெவனில் இத்தகைய கதைகள் உண்மையிலேயே வழங்கின. 1677இல் இறந்த றிச்சட் கேபல் என்ற பக்பாஸ்ட்லி ஊர் நிலக்கிழார் தீய வாழ்வு வாழ்ந்தவர் என்றும், அவர் கல்லறையைச் சுற்றிக் கரிய நாய்கள் ஊளையிட்டன என்றும் அங்குள்ளோர் கூறிவந்தனர். அவர் கல்லறைமீது இரும்புக் கம்பியிட்ட சிறு கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. தேவாலயம் 1992இல் தீக்கிரையான பின்னரும் அது நிற்கிறது. இறந்த பிரபுவைக்கூடக் கம்பிக்குள் வைத்தால்தான் மக்களுக்கு உறக்கம் வந்தது போலும்!

டாட்மூர்க் கதைகளைக் கொனன் டொயிலுக்குக் கூறி, அப்பிரதேசத்தைச் சுற்றிக் காட்டியவர் பேட்ரம் பிளெச்சர் றொபின்சன் என்ற இளம் பத்திரிகையாளர். அவருடைய உதவிக்கு நூலில் நன்றி கூறப்பட்டுள்ளது.

பேயும் குற்ற விசாரணையும் இங்கிலாந்தில் முதன்முதலாகச் சந்தித்தது இந்நாவலில் அன்று. 1762இல் இலண்டனின் கொக் லேன் என்ற ஒழுங்கையில், றிச்சட் பார்சன்ஸ் என்பவனின் வீட்டில், இரவுதோறும் தட்டும் ஓசை கேட்டது. இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவி தன்னை நஞ்சூட்டிக் கொன்றவன் வில்லியம் கென்ற் என்று தட்டித் தட்டிச் சாட்சி கூறுவதாக ஊரே திரண்டது. அகராதி இயற்றிய சாமுவேல் ஜோன்சன் உட்பட ஒரு குழுவினர் சென்று விசாரித்தனர். ஆவி பொய் என்றும், ஓசை எழுப்பியது பார்சன்சின் சிறுமகள் என்றும் தெரியவந்தது. கென்ற்றிடம் வாங்கிய கடனைப் பார்சன்ஸ் திருப்பிக் கொடுக்கவில்லை. அதுபற்றி இருவருக்கும் வழக்கு இருந்தது. ஆவியின் வாயில் அகப்பட்டது கடன்காரனின் பகை! இரண்டாண்டு கழித்து, 1764இல், ஹொறஸ் வால்போலின் 'ஒற்றான்ரோக் கோட்டை' வெளிவந்து கோதிக் நாவல் என்ற வகையைத் தோற்றுவித்தது. அதன் பேய்களும் அபகரிக்கப்பட்ட ஒரு கோட்டையை உரிய வாரிசுக்கு மீட்டுக் கொடுக்கவே தோன்றுகின்றன. முப்பது ஆண்டு கழித்து ஆன் றாட்கிளிவ் அம்மையார் பேய்களை வரவழைத்து, இறுதியில் இயற்கைக் காரணங்களாற் கலைத்துக் காட்டும் முறையைக் கையாண்டார். எட்கார் அலன் போ 1841இல் துப்பறிவாளனைப் படைத்தார். அடுத்த ஆண்டில் இலண்டன் பொலிசார் தமது முதலாவது துப்பறியும் பிரிவை அமைத்தனர். இவையெல்லாம் சேர்ந்த இடத்தில் நிற்பதுதான் பாஸ்கர்வில் நாய்.

நாவலின் நிகழ்காலக் கதைக்கு வருவோம். மாளிகையின் இன்றைய அதிபதி சேர் சாள்ஸ் பாஸ்கர்வில் தோட்டத்து நடைபாதையில் இறந்து கிடக்கிறார். உடலில் காயமில்லை, முகத்தில் மாத்திரம் விவரிக்கவியலாத பீதி. சற்று அப்பால் பெரியதொரு நாயின் காலடித் தடங்கள். வைத்தியர் மோட்டிமர் மரண விசாரணையில் அத்தடங்களைப் பற்றி வாய்திறவாது, பின்னர் ஹோம்சிடம் வந்து கூறுகிறார். இத்தனை அச்சமூட்டும் காட்சிக்கு நடுவே ஆசிரியர் சேர் சாள்சின் செல்வத்தின் ஊற்றையும் சொல்லிவைக்கிறார். அது பரம்பரை நிலத்தில் விளைந்ததன்று. தென்னாபிரிக்காவில் ஊகவாணிபத்தில் ஈட்டியது. வாரிசாக வரும் சேர் ஹென்றிக்குச் சேரவேண்டிய தொகை ஏழு இலட்சத்து நாற்பதினாயிரம் பவுண். இத்தொகையைக் கேட்டதும் இதற்காக ஒருவன் எந்த ஆட்டமும் ஆடுவான் என்பது ஹோம்சுக்கு விளங்கிவிடுகிறது. அக்கணமே பேய் பாதி மறைந்துவிட்டது எனலாம். இருண்ட மாளிகையைக் கண்ட சேர் ஹென்றி, ஆறு மாதத்துக்குள் வாசலில் வரிசையாக மின்விளக்கு ஏற்றுவேன் என்கிறார். தென்னாபிரிக்கப் பணம் டெவன் பேயை ஓட்டும் என்பது அவர் நம்பிக்கை.

இத்தொடர் வெளிவந்த மாதங்களிலே அதே தென்னாபிரிக்காவில் பொன்னும் நிலமும் காரணமாகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரித்தானியப் படை போயர்க் குடும்பங்களையும் ஆபிரிக்க மக்களையும் முகாம்களில் அடைத்து, ஆயிரக்கணக்கிற் சாகவிட்டது. கொனன் டொயில் 1900இல் புளூம்பொன்ரேன் நகர மருத்துவமனையில் வைத்தியராகப் பணிபுரிந்து திரும்பியவர். 1902இல் அப்போரை நியாயப்படுத்தி ஒரு சிறு நூலும் எழுதினார். அவ்வாண்டே 'சேர்' பட்டமும் பெற்றார். சேர் சாள்சின் பணத்துக்குப் பின்னாலும் ஒரு சாபம் இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

குற்றவாளி யார் என்பதை மறைப்பதிற் பயனில்லை, நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. வண்ணாத்துப்பூச்சி பிடித்துத் திரியும் அயலவன் ஸ்ரேப்பிள்டனே அவன். (முன்னர் யோக்சயரில் ஒரு பாடசாலை நடத்தி, அதனைக் கெட்ட பெயரோடு மூடியவன் என்று கதை கூறுகிறது. நம் தொழிலுக்கு இதனாற் பெருமையில்லை.) உண்மையில் அவன் பாஸ்கர்வில் குடும்பத்து இரத்தம், மறைந்திருக்கும் வாரிசு. இலண்டனிற் பெரியதொரு நாயை விலைக்கு வாங்கி, புதைசேற்றின் நடுவே கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கத்தில் ஒளித்துவைத்து, அதன் முகத்திற் பொசுபரசு பூசி ஏவிவிடுகிறான். குடியானவர் கற்பனையில் பிரபுவைத் தண்டிக்கப் பிறந்த நாய், இப்போது ஒரு பிரபு வாரிசின் கையில் மற்றொரு பிரபு வாரிசைத் தீர்த்துக்கட்டும் கருவியாகிறது. நாவலில் உண்மையிலேயே அச்சம் தருவது இதுதான் என்பது என் கருத்து. மக்களின் நம்பிக்கையை ஒருவன் கணக்குப் பார்த்து வாங்கி, தீனி போட்டு வளர்த்து, வேண்டிய இரவில் அவிழ்த்துவிடுகிறான்.

அந்த நாயிடம் உயிரிழக்கும் ஏழை ஒருவனும் உண்டு. டாட்மூர் வெளியின் நடுவிலுள்ள பிரின்ஸ்ரவுண் சிறைச்சாலை நெப்போலியன் காலத்துப் போர்க் கைதிகளுக்கெனக் கட்டப்பட்டு, 1850இலிருந்து குற்றவாளிகளின் சிறையாயிற்று. அங்கிருந்து தப்பிய செல்டன் என்ற கொலைகாரன் வெளியிற் பதுங்கியிருக்கிறான். மாளிகையின் வேலைக்காரி அவனுடைய தமக்கை. இரவில் இரகசியமாக அவனுக்கு உணவு அனுப்புகிறாள். சேர் ஹென்றி தம் பழைய உடைகளை வேலைக்காரனுக்குக் கொடுக்க, அவை செல்டனுக்குப் போய்ச் சேர்கின்றன. எசமானின் மணத்துக்குப் பழக்கப்பட்ட நாய் அந்த உடைகளைத் துரத்துகிறது. செல்டன் பாறையிலிருந்து வீழ்ந்து மடிகிறான். இறந்தவர் சேர் ஹென்றியென எண்ணிக் கலங்கிய ஹோம்ஸ், பிணத்தின் முகத்தில் தாடியைக் கண்டதும் மகிழ்ச்சியாற் கூத்தாடுகிறார். செல்டன் கொடியவனே, மறுக்கவில்லை. எனினும் அவனுக்காக அழ அத்தமக்கை ஒருத்தியாவது இருந்தாள் என்பதை வொற்சன் எழுதிவைத்தது ஆறுதல்.

இத்தகைய கதைக்கு வாசகர் யார்? 1870இன் கல்விச் சட்டத்தின் பின் எழுத்தறிவு பெற்றுப் பெருகிய எழுதுவினைஞரும் சிறு வணிகரும் அவர்தம் குடும்பத்தினருமே. புகையிரதத்தில் வேலைக்குச் சென்று திரும்புவோருக்காகவே ஜோர்ஜ் நியூன்ஸ் 1891இல் ஆறு பென்ஸ் விலையில் 'ஸ்ராண்ட்' சஞ்சிகையைத் தொடங்கினார். 1893இல் ஹோம்சைச் சுவிற்சர்லாந்து நீர்வீழ்ச்சியிற் கொன்றுவிட்டிருந்த கொனன் டொயில், இக்கதைக்கு ஆயிரம் சொல்லுக்கு ஐம்பது பவுண் என்றும், ஹோம்சும் வேண்டுமாயின் நூறு பவுண் என்றும் கேட்டார். நூறு கிடைத்தது. பேய்க்கதையாகப் பிறந்தது துப்பறியும் கதையாயிற்று. பகுத்தறிவுக்கும் ஒரு சந்தை விலை இருந்தது.

இங்கே ஒரு விந்தை உண்டு. கொனன் டொயில் 1893ஆம் ஆண்டிலேயே ஆவி ஆராய்ச்சிச் சங்கத்தில் அங்கத்தவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆவியுலக நம்பிக்கையை வெளிப்படையாக ஏற்றார். கொட்டிங்லி என்னும் ஊரில் இரு சிறுமியர் எடுத்த வனதேவதைப் புகைப்படங்களை மெய்யென நம்பி 1922இல் நூலே எழுதினார். அவை தாளில் வெட்டிய உருவங்களென அப்பெண்கள் முதுமையில், 1983இல், ஒப்புக்கொண்டனர். அத்தகையவர் 1924இல் எழுதிய கதையொன்றிலும், இரத்தக்காட்டேரி என்று ஐயுறப்பட்டதை ஹோம்ஸ் சாதாரண வீட்டுப் பொறாமையாகக் கண்டுபிடிக்கிறார். முடியாட்சியின் பக்கம் நின்ற பல்சாக் தம் அனுதாபங்களுக்கு எதிராகவே உண்மையை எழுத நேர்ந்தது என்று ஏங்கல்ஸ் 1888இல் ஒரு கடிதத்திற் கூறினார். கொனன் டொயிலைப் பல்சாக்கின் வரிசையில் வைக்க நான் துணியேன். ஆயினும் அவர் நம்பிக்கையிலும் அவர் கைக்கொண்ட இலக்கிய வடிவம் உறுதியாக நின்றது என்பதை மறுக்கவியலாது.

நம் நாட்டோடு தொட்டு நிற்கும் பேய்க்கதை ஒன்றையும் அவர் 1892இல் எழுதினார். இலங்கைக் கோப்பி வணிகனொருவன் கடற்பயணத்தில் அம்மை நோயால் இறந்து கடலில் இறக்கப்படுகிறான். அதனை அறியாது வேறொரு கப்பலிற் பின்தொடரும் மனைவியும் நண்பனும் இரவில் அலையிலிருந்து அவன் முகம் எழக் காண்கின்றனர். பாரம் போதாமல் பிணம் மேலெழுந்ததென்ற இயற்கைக் காரணம் இறுதியிற் கூறப்படுகிறது. அக்கதையில், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையை நட்டு வென்ற வெள்ளைத் துரைமாரின் ஊக்கத்துக்கு அவர் புகழாரம் சூட்டுகிறார். தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்து, கொள்ளைநோயால் வழியிலே மடிந்தவர்களின் எலும்பின்மீது எழுந்தவை அத்தோட்டங்கள் என்பது கதையில் இல்லை. அந்தப் பிணங்கள் அவர் பார்வைக்கு மேலெழவில்லை.

ஆனால் அவரிடம் நேர்மை இருந்தது. 1903இல் ஸ்ராபட்சயரிலுள்ள கிறேற் வேளி என்னும் ஊரில் இரவில் கால்நடைகளின் வயிற்றைக் கிழித்த குற்றத்துக்காக ஜோர்ஜ் எடல்ஜி என்ற இளம் வழக்கறிஞர் ஏழாண்டுத் தண்டனை பெற்றார். அவருடைய தந்தை பம்பாயிலிருந்து வந்த பார்சி. அவ்வூர்த் தேவாலயக் குரு. மூன்றாண்டின் பின் விடுவிக்கப்பட்ட எடல்ஜியைக் கொனன் டொயில் ஒரு விடுதியிற் சந்தித்தபோது, அவர் பத்திரிகையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். இத்தகைய கண்ணுடையவர் இருட்டில் வயலும் வேலியும் கடந்து இக்குற்றத்தைச் செய்திருக்க இயலாது என்பது அக்கணமே அவருக்கு விளங்கிற்று. 1907இல் 'டெய்லி ரெலிகிறாப்' பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைகள் நாட்டைக் கலக்கின. குற்றமேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டில் அமைக்கப்படுவதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். கால்நடைகளை வெட்டியவர் எடல்ஜி அல்லர் என்று அரசு மன்னிப்பு வழங்கிற்று. அநாமதேயக் கடிதங்களை எழுதியவர் அவரே என்று கூறி, சிறையில் இருந்த மூன்றாண்டுக்கு ஒரு பென்ஸ்கூட நட்டஈடு கொடுக்க மறுத்துவிட்டது.