நூறில் ஒரு செக்கன்

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது நூறு மீற்றருக்குப் பெயர் கொடுத்த பிள்ளையிடம் வீட்டில் கேட்பார்கள்: "ஓடி என்ன காணப்போறாய்?" நம்மில் பலர் கேட்ட கேள்விதான். அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு இறங்கினால் திரித்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த டங்கன் வைற் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றார். அதைக் கேட்டே வளர்ந்தோம். ஆனால் அது ஆண்பிள்ளைகளின் கதை. இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் வர 52 வருடங்கள் சென்றன. கொண்டுவந்தவர் ஒரு பெண், சுசந்திகா ஜயசிங்க.

கண்டி–கொழும்பு வீதியில் நாம் கடந்துபோகும் வரக்காப்பொலைப் பக்கத்து வறிய குடும்பம் ஒன்றில் 1975இல் பிறந்தவர். 1997இல் ஏதென்ஸ் உலகப் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி வென்றார். மறு வருடமே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்தது. பின்னர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். விளையாட்டுத் துறையில் அதிகாரம் வைத்திருந்தவர்கள் தன்னை வதைத்ததாக அவர் பகிரங்கமாகச் சொன்னார். அக்காலத்தில் அப்படிப் பேசிய பெண்ணுக்கு இங்கே என்ன பெயர் கிடைக்கும் என்பதை நம் வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

2000 செப்டெம்பர் 28, வியாழக்கிழமை. சிட்னியில் இரவு, இங்கே பிற்பகல். 200 மீற்றர் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில் முதலாவதாக வந்தார். பஹாமாஸின் போலின் டேவிஸ்-தொம்சன் 22.27. சுசந்திகா 22.28. வெண்கலம். நாடே கொண்டாடியது. முந்திய இரண்டு வருடங்களில் அவரைப் பற்றி என்ன பேசினோம் என்பது மட்டும் எவருக்கும் ஞாபகம் வரவில்லை.

2007இல் ஜோன்ஸ் தான் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். 2009 டிசம்பரில்தான் சர்வதேச ஒலிம்பிக் குழு டேவிஸ்-தொம்சனுக்குத் தங்கத்தையும் சுசந்திகாவுக்கு வெள்ளியையும் வழங்கத் தீர்மானித்தது. அப்படிப் பார்த்தால், தங்கத்துக்கும் அவருக்கும் இடையில் இருந்தது நூறில் ஒரு செக்கன்தான். மருந்துக்காரி என்று சந்தேகிக்கப்பட்டவர் இவர். மருந்து எடுத்தவரோ அவருக்கு முன்னால் ஓடியவர். அந்த இரவில் மேடையின் இரண்டாம் படியில் நின்றிருக்க வேண்டியவருக்கு ஒன்பது வருடங்கள் கழித்துக் கிடைத்தது ஒரு தீர்மானம். பதக்கத்தை மாற்றலாம், அந்த மேடையை எங்கே போய் எடுப்பது?

இடையில் அவர் ஓய்ந்துபோய்விடவில்லை. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 100 மீற்றரில் தங்கம். 2007இல், 31 வயதில், ஒசாகா உலகப் போட்டியில் 200 மீற்றரில் வெண்கலம். சிட்னியில் ஓடிய அந்த 22.28 இன்னும் நம் நாட்டுப் பெண்களின் சாதனையாகவே நிற்கிறது.