ஊவா லயங்களின் கதையும் நாமும்

ஊவாத் தோட்டங்களின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அரசாங்கப் பதிவேடுகளைப் புரட்டுவதற்கு முன்பு தெளிவத்தை ஜோசப்பைப் படிக்கவேண்டும். அவருடைய ‘காலங்கள் சாவதில்லை’, ‘நாமிருக்கும் நாடே’, ‘குடைநிழல்’ ஆகிய மூன்று நூல்களையும் அண்மையில் அடுத்தடுத்து வாசித்தபோது மனதில் உறுதியாகப் பதிந்த எண்ணம் இது.

ஜோசப் 1934இல் ஹாலிஎலவை அண்டிய ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே பிறந்தவர். தோட்டப் பள்ளி ஆசிரியரின் மகன். தாம் தொழில் செய்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 2022இல் மறையும்வரை அந்தப் பெயரே அவருக்கு முகவரியாக இருந்தது.

அவருடைய ‘மீன்கள்’ சிறுகதை லயத்தின் ஒற்றை அறையைப் பற்றியது. தாயும் தகப்பனும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே அறையில் படுத்துறங்கும் குடும்பத்தில் மானம் என்னவாகும் என்று அது கேட்கிறது. கோஷம் எதுவுமில்லை, துரையைத் திட்டும் வசனமுமில்லை. அந்த அறையின் இருட்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோதுதான் நாட்டின் பார்வை அந்த அறைகளின் பக்கம் திரும்பியது. கதை பல்லாண்டுகளுக்கு முன்பே அவற்றைக் காட்டியிருந்தது.

‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. ‘நாமிருக்கும் நாடே’ 1979இல் வந்தது. பாரதியை நினைவூட்டும் அந்தத் தலைப்பை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். பாரதியிடம் பெருமிதமாக ஒலித்தது இங்கே கேள்வியாகிவிடுகிறது. 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தத்தில் இவை வெறும் எண்கள். கதைகளில் இந்த எண்களுக்குப் பெயரும் உறவும் உண்டு. நாடற்றிருந்தோரின் நீண்ட காத்திருப்பை முடித்துவைக்க 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

இது தோட்டத் தமிழரின் சங்கதி, நமக்கென்ன என்று நம்மவர் சிலர் நினைக்கலாம். 1949ஆம் ஆண்டின் சட்டத்துக்கு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் என்று பெயர். இந்தியச் சோனகர் எனக் கணக்கெடுப்புகளில் குறிக்கப்பட்ட நம் சகோதரர்களும் அந்த வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கவேண்டியிருந்தது. ஆகவே அந்த வரலாறு நமக்கும் உரியதுதான்.

இலங்கையின் முதல் தமிழ் நாவலைத் தந்தவர் மலைநாட்டு முஸ்லிம் ஒருவரே. கண்டியின் அறிஞர் சித்திலெப்பை 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலம் அது. எனினும் அவருடைய கதை மிஸ்ரை நாடிச் சென்றது. அக்காலத்து முஸ்லிம் உலக விழிப்பு அவரை அங்கே அழைத்தது. அதில் குறைகாண்பது நியாயமல்ல. பின்வந்த அல் அஸூமத் போன்றோர் மலையக வாழ்வைத் தம் எழுத்துக்குள் கொண்டுவந்தனர். ஆயினும் எழுத வேண்டியது இன்னும் நிறையவே இருக்கிறது.

பசறை, லுணுகலை, வெலிமடைக் கடைவீதிகளையே எடுத்துக்கொள்வோம். சம்பள நாளில் கடன் கொப்பியோடு உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கும், அரிசியும் மாவும் வாங்க மலையிறங்கி வரும் கொழுந்துப் பெண்ணுக்கும் இடையில் இருந்த உறவு என்ன? அதில் அன்பு எவ்வளவு, கணக்கு எவ்வளவு? லயத்தின் உள்ளிருந்து ஜோசப் தம் மக்களின் பலவீனங்களையும் மறைக்காமல் எழுதினார். கடைப் படியின் இந்தப் பக்கத்திலிருந்தும் அதே நேர்மையோடு எழுத ஊவாவின் முஸ்லிம் இளைஞர்கள் முன்வரவேண்டும். அந்தக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அது நடக்கவேண்டும்.