கண் பார்க்காத இருட்டு

கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்து ஆபரேட்டர் நான். ஃபிலிம் சீராக ஓடாது. நொடிக்கு 24 கட்டங்கள் நின்று நின்றுதான் போகும். கட்டம் மாறும்போது ஷட்டர் இறக்கை ஒளியை மறைக்கும். நொடிக்கு 24 சிமிட்டல் என்றால் கண் கூசும், தலை வலிக்கும். அதனால் இன்னொரு இறக்கை வைத்து, ஒரே கட்டத்தை இருமுறை காட்டி, 48 ஆக்கினார்கள். 16 கட்ட வேகத்தில் ஓடிய ஊமைப்படத்துக்கு மூன்று இறக்கை. கணக்கு அதே 48.

1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார் ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட். எங்கள் டூரிங் கொட்டகைகளுக்கு அவர்தான் முன்னோடி. அந்தக் கொட்டகைகளில், கருவிக்குள் ஒளி விழும் கேட் அருகே தளர்வாக விட்ட ஃபிலிம் வளையம் இறுகினால் படம் குதிக்கும். தரை டிக்கெட்டில் விசில் பறக்கும்.

மூன்று மணி நேரப் படத்தில் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகத்தான் இருந்தது. யாரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.