காக்டெயில் ஆணா, பெண்ணா? கண்டுபிடிப்பது எப்படி?

காக்டெயில் குஞ்சைப் பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்ல முடியாது. எல்லாமே பெண் மாதிரிதான் இருக்கும். 6 மாதத்துக்கு மேல், முதல் முறை இறகு உதிர்ந்து முளைத்த பிறகே வித்தியாசம் தெரியும்.

சாம்பல் நிற வகையில் ஆணுக்கு முகம் பளிச்சென மஞ்சளாகும். நன்றாக விசில் அடிக்கும். பெண்ணுக்கு முகம் மங்கலாகவே இருக்கும். வாலின் அடியில் உள்ள வரிகள் மறையாது.

லுட்டினோ வகையில் இரண்டுக்குமே முகம் மஞ்சள்தான். வால் வரிகளை வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கணும். சந்தேகம் என்றால், இறகை வைத்து டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம்.

இது ஏன் தெரியணும்? ஜோடி இல்லாமலே பெண் காக்டெயில் முட்டையிடும். முட்டை உள்ளே சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இறகைச் சிலிர்த்தபடி கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கினால், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்க.