படகுச் சன்னல், வெப்பக்காப்புடையது

படகுகளின் அறைகளில் வெப்ப இழப்பையும், குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து நீர் வடிவதையும் குறைக்கும் சன்னல் அமைப்பு. குளிர்நாடுகளில், மக்கள் குடியிருக்கும் படகுகளில் இதன் தேவை மிகுதி.

கண்ணாடி: இரு தகடுகளுக்கு நடுவே உலர்ந்த காற்று அல்லது ஆர்கான் வாயு அடைக்கப்படும். ஒற்றைக் கண்ணாடி வழியே, ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.7 வாட் வெப்பம் வெளியேறும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது சுமார் 2.8 வாட். வீடுகளில் தகடுகளுக்கிடையே 16 மி.மீ. இடைவெளி வழக்கம். படகில் எடை, தடிமன் கருதி இதைக் குறைப்பதால் காப்பும் சற்றுக் குறையும்.

சட்டம்: அலுமினியம் வெப்பத்தை எளிதில் கடத்தும். எனவே உட்சட்டத்தையும் வெளிச்சட்டத்தையும் பாலிஅமைடு பட்டையால் பிரிப்பர். இது இல்லையெனில் கண்ணாடி உலர்ந்திருந்தாலும் சட்டத்தில் நீர் கோக்கும்.

வலிமை: அலை மோதலையும் உடற்கூட்டின் முறுக்கத்தையும் தாங்க, உறுதியூட்டிய கண்ணாடியோ அடுக்குக் கண்ணாடியோ பயன்படும். அக்ரிலிக் எடை குறைந்தது. ஆனால் வெப்பத்தில் கண்ணாடியைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு விரியும். ஆகவே விளிம்பில் இடம் விட்டு, நெகிழ்வான பசை இட வேண்டும். 24 மீட்டர் வரையிலான படகுகளின் சன்னல் வலிமை, நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 12216 தரநிலை பொருந்தும்.

பராமரிப்பு: தகடுகளுக்கு நடுவே மூடுபனிபோல் ஈரம் தெரிந்தால் விளிம்பு அடைப்பு பழுதாகிவிட்டது என்று பொருள். அப்போது இரட்டைக் கண்ணாடியை முழுவதுமாக மாற்றுவதே வழக்கம்.