சலூன் யன்னலில் கிடந்த மண்டலின்

"அந்தக் காலத்து ராலி சைக்கிள் மாதிரி இப்ப எங்க வருது?" இந்த வசனத்தைக் கேட்காமல் எங்களில் ஒருத்தரும் வளர்ந்திருக்க மாட்டோம். தையல் மெஷின், கதிரை, ரேடியோ என்று எதை எடுத்தாலும் பழசுதான் திறம் என்ற தீர்ப்பு வீட்டில் தயாராக இருக்கும். இசைக்கருவியும் தப்பாது. மண்டலின் பழகப் போகிறோம், புதுசு வாங்கிறதா, பாவிச்சது வாங்கிறதா என்று கேட்டால், "பழைய மரத்திலதான் நல்ல நாதம் வரும்" என்று ஒருவராவது கட்டாயம் சொல்லுவார்.

இந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு இருக்கு. அது பெரும்பாலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு வகை மண்டலினைச் சுற்றி வளர்ந்த வரலாறு.

மண்டலின் இத்தாலியில் பிறந்த கருவி. நேப்பிள்ஸ் நகரத்து மண்டலினுக்குப் பாதியாய் வெட்டின சுரைக்காய் மாதிரி உருண்ட முதுகு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது அமெரிக்காவில் பெரிய மோகமானது. ஊருக்கு ஊர் மண்டலின் குழுக்கள் தோன்றின. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் ஓர்வில் கிப்சன் என்பவர் உருண்டை முதுகை விட்டுவிட்டு, வயலினைப் போல மரத்தைச் செதுக்கி மண்டலின் செய்தார். 1898இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1902இல் அவருடைய பெயரிலேயே கம்பனி தொடங்கியது.

1919இல் அந்தக் கம்பனியில் சேர்ந்தவர் லொயிட் லோர். அவரே மண்டலின் வாசிப்பவர். 1922இல் அவருடைய மேற்பார்வையில் எஃப்-5 என்ற மண்டலின் வந்தது. நடுவில் இருந்த ஒற்றைத் துளைக்குப் பதிலாக வயலினில் இருப்பதுபோல இரண்டு நீளத் துளைகள். உடம்பை விட்டு வெளியே நீண்ட கழுத்து. வேலை முடிந்த கருவிகளுக்குள்ளே லோர் திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.

ஆனால் அது வந்த நேரம் சரியில்லை. மண்டலின் மோகம் தணிந்து, ஜாஸும் பான்ஜோவும் மேடையைப் பிடித்திருந்தன. 200 டொலருக்கு மேல் விலை சொன்ன எஃப்-5 எதிர்பார்த்த மாதிரி விற்கவில்லை. 1924 முடிவில் லோர் கம்பனியை விட்டுப் போனார். இன்றைக்கு லோர் கையெழுத்துள்ள எஃப்-5 ஒன்று ஒரு லட்சம் டொலரையும் தாண்டி விலை போகிறது. அதே சாமான் புதுசாக இருக்கேக்க சரியாக விலைப்படவில்லை என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

அப்படியென்றால் இடையில் என்ன நடந்தது?

1940களின் நடுப்பகுதியில், கென்ரக்கி மாநிலத்தைச் சேர்ந்த பில் மன்றோ மயாமி நகரத்துச் சலூன் ஒன்றின் யன்னலில் ஒரு பாவிச்ச எஃப்-5ஐக் கண்டார். உள்ளே 1923 ஜூலை 9 என்று திகதி. 150 டொலர் கொடுத்து வாங்கினார். கொஞ்சக் காலத்தில், 1945 முடிவில், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன்னுடைய பான்ஜோவோடு மன்றோவின் குழுவில் சேர்ந்தார். 1946, 1947இல் அவர்கள் செய்த ஒலிப்பதிவுகளிலிருந்துதான் புளூகிராஸ் என்ற இசை வகையைப் பலர் எண்ணத் தொடங்குகிறார்கள். அந்த வேகத்துக்கும் வெட்டுக்கும் எஃப்-5 பொருந்திப் போனது. பிறகு புளூகிராஸ் வாசிக்க வந்தவர்களுக்கெல்லாம் அதே மண்டலின் தேவைப்பட்டது. லோர் செய்வித்தவையோ சில நூறுதான். விலை ஏறாமல் என்ன செய்யும்?

வயதுதான் காரணம் என்றால் எல்லாப் பழைய மண்டலினும் பொன்னாகியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அதே கம்பனி 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் செய்த மண்டலின்களுக்கும் இப்போது 50 வயதுக்கு மேல். அவற்றை ஒருவரும் லோர் காலத்தவற்றோடு ஒப்பிடுவதில்லை. அந்தக் காலத்தில்தான் தனிக் கைவினைஞர்கள் பழைய எஃப்-5ஐ அளந்து பார்த்துப் புதிதாகச் செய்யத் தொடங்கினார்கள். 1978இல் கம்பனியும் தன்னுடைய பழைய வடிவத்துக்கே திரும்பி எஃப்-5எல் என்று ஒன்றை வெளியிட்டது.

மன்றோவின் மண்டலினுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1985இல் அவருடைய வீட்டுக்குள் புகுந்த யாரோ அதை அடித்து நொருக்கிவிட்டார்கள். கிப்சன் கம்பனியின் சார்ளி டெரிங்டன் சிராய் சிராயாகப் பொறுக்கி ஒட்டி, 1986இல் திருப்பிக் கொடுத்தார். மன்றோ திரும்பவும் அதையே மேடையில் வாசித்தார். இப்போது அது நாஷ்விலில் உள்ள கன்ட்ரி மியூசிக் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

எங்களுக்கு மண்டலின் என்றதும் ஞாபகம் வருகிறவர் யு. ஸ்ரீநிவாஸ். அவர் சின்ன வயதில் முதலில் கையில் எடுத்தது அப்பாவின் மண்டலினை. மகனின் திறமையைக் கண்ட அப்பா பிறகு புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஆனால் மண்டலினில் ஒலி சட்டென்று அடங்கிவிடும். கமகத்துக்கு அது காணாது. அதனால் ஸ்ரீநிவாஸ் மின்சார மண்டலினுக்கு மாறினார், இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கினார், ஐந்தாவது தந்தியும் சேர்த்தார். அவருக்குத் தேவைப்பட்ட கருவி பழசிலும் இல்லை, கடையில் இருந்த புதுசிலும் இல்லை.

ஆகவே வாங்கப் போகேக்க வயதைப் பார்த்து மயங்கத் தேவையில்லை, பளபளப்பைப் பார்த்தும் மயங்கத் தேவையில்லை. எட்டுத் தந்தி இழுக்கிற இழுவையில் கழுத்து வளைந்திருக்கா, மேற்பலகை வெடித்தோ அமுங்கியோ இருக்கா, உலோக மெட்டுகள் தேய்ந்திருக்கா, பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தினால் சுருதி சேருதா என்று பார்ப்போம். இவ்வளவும் சரியென்றால் பாவிச்சது புதுசை விட மலிவாகவே நல்ல கருவியைத் தரும். ஒன்று பிழைத்தாலும் திருத்தக் கூலியையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அப்போது சாதாரணப் புதுசே லாபமாகலாம்.

மன்றோ வாங்கிய அன்று அந்த மண்டலினுக்கு ஒரு பெயரும் இருக்கவில்லை. சலூன் யன்னலில் விலைக்குக் கிடந்த பழைய சாமான், அவ்வளவுதான். பெயர் பிறகு வாசிச்சு வந்தது.