பழகின ஊருக்கும் ஒரு பயணம்

ஒரு ஊரைப் பற்றி எழுத, அந்த ஊருக்குப் புது ஆளாக இருக்க வேணுமா, பழைய ஆளாக இருக்க வேணுமா? பயணச் சஞ்சிகைகளைப் புரட்டினால் புது ஆள்தான் எழுத வேணும் போலத் தோன்றும். யாழ்ப்பாணம் எண்டால் கோட்டை, நல்லூர், நண்டுக்கறி. எழுதுகிறவர் பெரும்பாலும் வெளியால இருந்து ஒரு கிழமைக்கு வந்தவர். ஆனால் பழைய பயண எழுத்துகளைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து கப்பலில் வந்து புத்தளத்தில் இறங்கினார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கடற்கரையில் குன்று குன்றாகக் கிடந்ததை அவர் குறித்திருக்கிறார். அந்தக் கரையிலேயே பிறந்த ஒருவர் இதை எழுத நினைத்திருப்பாரா? தினமும் காண்கிற பொருளை எங்கட கண் கணக்கெடுக்காது. அங்கே அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்கோ, இந்தப் பயணி சொன்ன பிற நாட்டு அரசர்களின் கதைகளில்தான் ஆசை. ஆளுக்கு ஆள் மற்றவரின் ஊர்தான் கதையாகத் தெரிந்திருக்கிறது.

ரொபர்ட் நொக்ஸ் வேறு மாதிரி. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கிட்டத்தட்ட இருபது வருசம் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் கைதியாக இருந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. ஒரு தாளிப்பனை ஓலை பதினைந்து இருபது பேரை மழையில் நனையாமல் காக்கும் எண்டு அதில் எழுதுகிறார். அந்த ஓலை ஊரில் எதற்கெல்லாம் உதவுது எண்டு கூட இருந்து பார்த்தவரின் எழுத்து அது. பழக்கம்தான் நொக்ஸின் பலம். ஆனாலும் அவர் எழுதினது இங்கிலாந்து வாசகருக்காக. அந்தக் கிராமத்துச் சனம் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கும் எண்டது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது ஆள் ஏ. கே. செட்டியார். தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல நாடுகளுக்கு அலைந்து, 1940இல் அதை வெளியிட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' எண்டு நூலும் எழுதினார். இவ்வளவு தூரம் சுற்றினவர் பிறகு செய்த வேலைதான் முக்கியம். தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிப் பழைய காலத்தவர்கள் எழுதிவைத்த பயணக் கட்டுரைகளைத் தேடியெடுத்து 'தமிழ்நாடு' எண்ட பெயரில் தொகுத்தார். உலகம் பார்த்த கண்ணுக்குச் சொந்த ஊரும் போய்ப் பார்க்க வேண்டிய இடமாகத் தெரிந்திருக்கிறது.

இந்த மூன்று பேரிடமும் நாங்கள் எடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. இடத்தின் பெயர் மட்டும் கதையாகாது. அந்த இடத்திடம் ஒரு கேள்வி கேட்க வேணும். 'நெடுந்தீவு' ஒரு தலைப்புத்தான். அங்கத்தைய குதிரைகளை எல்லாரும் படம் எடுத்தாச்சு. முருகைக்கல் வேலிகளை இப்பவும் கட்டத் தெரிந்தவர்கள் யார், அவர்கள் யாரிடம் பழகினார்கள் எண்டு கேட்டால் அங்கே கதை தொடங்கும். குறிகட்டுவானில் படகுக்கு நிற்கிற சுற்றுலாப் பயணிக்கு அது ஒருநாள் அனுபவம். அதே படகில் ஆஸ்பத்திரிக்குப் போகிற தீவாருக்குக் கடல் கொந்தளிக்கிற நாள் எப்படிப் போகும்?

தெரியாத ஊருக்குப் போனால் அங்கே பழகின ஆளைத் தேடிக் கதையுங்கோ. சொந்த ஊரை எழுதுவதெண்டால், முதல்முறை வந்து இறங்கின ஆள் என்னென்ன விசாரிப்பார் எண்டு ஒரு பட்டியல் போடுங்கோ. அதுக்குப் பதில் தெரிந்த ஆச்சிமாரும் அப்புமாரும் இருக்கும்போதே போய்க் கேட்க வேணும். இல்லாவிட்டால் நூறு வருசத்துக்குப் பிறகு எங்கட ஊரைத் தேடுகிறவருக்கும் கோட்டையும் நண்டுக்கறியும்தான் மிஞ்சும்.